மாடு இடம் பார்த்த மதகு

அன்புள்ள மகனுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நீ என்ன வேலை செய்கிறாய் என்று ஊரில் கேட்பவர்களிடம், நீ ரயில் ஓட்டுகிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கோயிலடியில் கேட்டார்கள், சங்கக்கடையில் கேட்டார்கள், நெல் அருவி வெட்டும் மெசினோடு வந்தவர்கள்கூடக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் ‘பெரிய ரயில் பாதைத் திட்டத்தின் வடிவமைப்பு ஆலோசகர்’ என்ற அந்த நீட்டுப் பெயர் என் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற மதிப்பு உனக்குத் தெரியாததா? மகன் கள்ளன் என்று சொன்னால்கூட, எதைக் களவெடுத்தவன் என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரிப்பார்கள். ஆலோசகர் என்றால் வாயில் இருக்கிற வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் அடுத்த கதை. அதனால்தான் நீ ரயில் ஓட்டுகிறாய். இதனால் எனக்கு வந்திருக்கும் தொல்லை கொஞ்சமல்ல. பாப்பாமோட்டையிலிருந்து வந்த உன் மாமியின் தமக்கை, தன் மனிசன் இறங்கப் பிந்துகிறார், உன் மகனை முருங்கன் ஸ்டேசனில் ஒரு நிமிடம் கூடுதலாக நிறுத்தச் சொல் என்றாள். பக்கத்து வளவு ஐயா வேலியடியில் நின்று, “காலமையில ஹோன் அடிக்க வேண்டாமெண்டு மகனிட்டச் சொல்லுங்கோ பிள்ளை, கண்டுக்குட்டி வெருண்டு பால் குடிக்குதில்லை” என்றார். “ஓம், சொல்லுறன்” என்றேன். மறுநாள் சத்தம் குறைந்துவிட்டதாம். ஒரு சீப்புக் கதலிப்பழம் கொண்டுவந்து தந்தார். நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

இனி இந்தக் கடிதம் எதற்கென்று சொல்கிறேன். போன கிழமை நீ என் ஃபோனுக்கு ஒரு படம் அனுப்பினாய். “அம்மா, பாருங்கோ, எங்கட ஊர்” என்று கீழே எழுதியிருந்தாய். நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது சண்டை வந்து எங்களை ஓடச் சொன்னார்கள். ஓடிப் பெரியமடுப் பக்கம் போனவள், திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கூரையும் இல்லை, எனக்கு அங்கே இருக்கிற வயதும் இல்லை. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு உன் படத்தில் இருந்த இங்கிலிசை வாசிக்க முடியாது. ஆனால் கோடு விளங்கும். கறுப்புக் கோடு ரயில் ஓடுகிற மண் அணை. பச்சை வயல். நீலம் தண்ணீர். அந்த நீலக் கோட்டை நான் விரலால் பெரிசாக்கிப் பார்த்தேன். அது உன் மாமாவின் பள்ளவெளி வயலில் இருந்து கிளம்பி, புளியடி மேட்டில் ஏறி, அங்கே இருக்கிற மதகுக்குள் நுழைந்து, அணைக்கு அந்தப் பக்கம் போய்க் கடலில் விழுகிறது. மேட்டில் ஏறுகிற தண்ணீரை நான் பிறந்ததுக்கு அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உன் அப்பா ஓடிவந்து, “என்னடியப்பா, ஆர் செத்தது?” என்று கேட்டார்.

சிரிப்பு அடங்கியபின் உனக்கு ஃபோன் எடுத்தேன். அணையை இன்னும் ஓராள் உயரம் உயர்த்தப் போகிறோம் என்றாய். பாரமான ரயில்கள் ஓடுமாம். பழைய மதகுகள் இருந்த இடத்திலேயே இருக்குமாம், கொஞ்சம் நீளமாக்குவார்களாம். எங்கள் ஊர்ப் பகுதிப் படத்தைச் சரிபார்த்தவன் நீதானாம், மாதம் முடிய முன்னம் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுவாயாம். நான், “மகன், அந்த மதகு பிழையான இடத்தில கிடக்கு” என்றேன். நீ சொன்னாய்: “அம்மா, அது ஏற்கெனவே அங்கீகரிச்ச தரவு. அதில கை வைக்கேலாது. உங்களுக்கு உது விளங்காது.” பிறகு கூட்டம் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அந்தக் கடைசி வார்த்தையை நான் முன்னமே ஒருதரம் கேட்டிருக்கிறேன், மகனே. சொன்னவர் குடை பிடித்திருந்தார். அந்தக் கதையை உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. உனக்கு மட்டுமல்ல, ஒருவருக்கும் சொன்னதில்லை.

நீ சின்னவனாக இருந்தபோது எங்கள் வயல்வெளியை ஊடறுத்து அந்த ரயில் பாதை வரப்போகிறது என்று சொல்லி, பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஆவணி மாதம். நிலம் வெடித்து, வெடிப்புக்குள் கால் போகிற காலம். தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கு அவர்கள் தெரிந்தெடுத்த மாதம் அது. சுவரில் படம் காட்டினார்கள். பட்டிஸும் கேக்கும் தந்தார்கள். கேக் நன்றாக இருந்தது, அதை இல்லையென்று சொன்னால் வாய் அழுகிவிடும். கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர், எங்கள் ஆள்தான், நல்ல தமிழ், சப்பாத்தில் ஒரு தூசி இல்லை. எங்கள் வெளியில் வெள்ளம் எப்படி ஓடும் என்று அரைமணித்தியாலம் எங்களுக்கே விளங்கப்படுத்தினார். உன் மாமா எழும்பினான். என் தம்பிக்கு அப்போது தலைமுடி இருந்தது, கோபமும் இருந்தது.

“ஐயா, குளம் நிரம்பி வான்பாஞ்சால் தண்ணி என்ர பள்ளவெளிக்குத்தான் முதல்ல வரும். அதில ஒரு வாய் விட்டால் போதும். வேற எங்க விட்டாலும் என்ர வயல் குளமாகும்” என்றான்.

“அதெல்லாம் எங்கட மொடலில இருக்கு. கணினியில போட்டுப் பாத்திட்டம்” என்றார் அவர்.

“கணினி எந்த மாரியில ஐயா இஞ்ச வந்து பாத்தது?”

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த படத்தைப் போட்டார். அவர்களிடம் அதுதான் பெரிய கெட்டித்தனம். நாங்கள் கேட்கிற கேள்விக்கு ஒரு சிரிப்பு, பிறகு அடுத்த படம். நாங்கள் வந்து இருந்ததற்கு ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தைத்தான் பிறகு ‘ஊர் மக்களிடம் ஆலோசனை பெறப்பட்டது’ என்று அறிக்கையில் போட்டார்கள். நீ பல்கலைக்கழகத்தில் இருந்து வந்து நின்றபோது அதை எனக்கு வாசித்துக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? நான் சாப்பிட்ட கேக்குத் துண்டுக்கும் நான் ஆலோசனை சொன்னதாகக் கணக்கு.

ஆனாலும் நியாயத்தைச் சொல்லவேண்டும். அளக்க வந்தவர்கள் முதலில் மதகுக்கான முளையைச் சரியான இடத்தில்தான் அடித்தார்கள். மாமாவின் வயல் ஓரத்தில், பள்ளத்தில். தலையில் சிவப்புப் பூசி, இலக்கம் எழுதிய நல்ல பாலைக் கட்டை. கணினி பார்த்து அடித்தார்களோ, உன் மாமாவின் வாய்க்குப் பயந்து அடித்தார்களோ, எனக்குத் தெரியாது. சரியாகத்தான் அடித்தார்கள். பிழை விட்டது ஆலோசகர் அல்ல. நான்.

எங்கள் பழைய செவலைப் பசு உனக்கு மறந்திருக்காது. கயிறு பாவித்தால் கயிற்றை அறுக்கும், கட்டை பாவித்தால் கட்டையைப் பிடுங்கும். அதைக் கட்டி வைக்கத்தக்க கட்டை ஒன்று எங்கள் வளவில் இல்லை. வெளியில் பார்த்தால் அரசாங்கம் வரிசையாகக் கட்டை அடித்துவிட்டிருக்கிறது, ஒவ்வொன்றும் முழங்கைப் பருமன், பாதி நிலத்துக்குள். எங்கள் ஊரில் மாடு வைத்திருந்த எல்லோரும் அந்தக் கிழமை ரயில் திணைக்களத்துக்குப் புண்ணியம் கிடைக்கட்டும் என்றுதான் சொன்னோம். நான் செவலையை அந்தச் சிவப்பு முளையில் கட்டினேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் அது முளையையும் பிடுங்கி இழுத்துக்கொண்டு, புளியமரத்து நிழலில் போய்ச் சொகுசாகப் படுத்திருக்கிறது. ஒரு கூப்பிடு தூரம். வெயிலில் மாட்டை இழுத்துக்கொண்டு திரும்பிப் போக எனக்கு அலுப்பும் பஞ்சியுமாக இருந்தது. கல்லொன்றை எடுத்து அந்த முளையை அங்கேயே, புளியடியில், அடித்து இறக்கினேன். பின்னேரம் திரும்ப அதன் இடத்தில் நட்டுவிடுவோம் என்றுதான் நினைத்தேன். பின்னேரம் பெரியமடுவில் இருந்து செத்தவீட்டுச் செய்தி வந்தது. போனோம். நாலாம் நாள் திரும்பி வந்தால், புளியடியில் பெக்கோ மெசின் நின்று மதகுக்குக் குழி கிண்டிக்கொண்டிருக்கிறது.

நான் மாட்டுக் கயிறு கையோடு ஓடினேன். அன்றைக்கு என்று பார்த்து அந்த ஆலோசகரும் வந்திருந்தார், கறுப்புக் குடையோடு. வேலையை மேற்பார்வை பார்த்தவர் வவுனியாப் பக்கத்து மனிசன், பாவம், நல்ல ஆள். அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “சேர், இது மேடு. தண்ணி இதில ஏறாது. படத்தில வேற இடம்போலக் கிடக்கு.” ஆலோசகர் படத்தைப் பார்த்தார், முளையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். நிலத்தைப் பார்க்கவில்லை. நிலத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்திருந்தால் போதும், கண் தெரிகிற எவருக்கும் விளங்கும். நான் கிட்டப் போய், “ஐயா, அந்த முளை...” என்று வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே, “அம்மா, கொஞ்சம் விலகி நில்லுங்கோ. இது தொழில்நுட்ப விசயம், உங்களுக்கு விளங்காது” என்றார். கையைக் கோழி கலைக்கிற மாதிரி அசைத்தார்.

அந்தக் கை அசைத்த அசைப்பில் எனக்குள் ஒரு சனியன் எழும்பியது, மகனே. ஓ, எனக்கு விளங்காதோ? சரி, விளங்கிற நீங்களே பாருங்கோவன், என்று வாயைப் பொத்திக்கொண்டு விலகி நின்றேன். உள்ளுக்குள் சிரித்தேன்கூட. இவ்வளவு படித்த மனிசனை என்னுடைய மாடு முட்டாளாக்கிவிட்டதே என்று எனக்கு அப்படியொரு சந்தோசப் புளுகம். அவர் மேற்பார்வைக்காரரிடம் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: “கிண்டினது கிண்டினதாக இருக்கட்டும். படத்தை மாத்துவம்.” குழியை மூடுவதைவிடக் கோட்டை அழிப்பது லேசு. அவ்வளவுதான் அவர்களுடைய தொழில்நுட்பம். ஒரு பசுமாடு நிழல் தேடிப் படுத்த இடத்தில் கொங்கிறீற் மதகு எழும்பியது. அதற்குத் திறப்புவிழாவும் வைத்தார்கள். நாடா வெட்டியவரின் வேட்டியில் செவலையின் சாணி பட்டது. அந்த மதகைத் தெரிந்தெடுத்தவரின் கையெழுத்து அது ஒன்றுதான்.

முதல் மாரியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. குளம் வான்பாய்ந்தது, தண்ணீர் வழக்கம்போலப் பள்ளவெளிக்கு வந்தது, அணையில் முட்டியது, போக வழியில்லாமல் நின்றது. கதிர் தள்ளப்போகிற குடலைப் பருவத்து நெல் கழுத்து வரை தண்ணீரில் நின்று அழுகியது. உன் மாமா வரம்பில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். மழைக்கோட்டுக்கூட இல்லாமல். நான் பக்கத்தில் போய் நின்று அந்த ஆலோசகர்களைத் தூசணத்தால் திட்டினேன். ஊரில் அவர்களை என்னைப்போலத் திட்டியவர்கள் ஒருவருமில்லை. பிறகு நீ வாசித்துக் காட்டிய அறிக்கையைக் கிழித்து அடுப்பு மூட்டினேன். அவர்களைப்போல் நடந்து காட்டிச் சங்கக்கடையில் எல்லோரையும் சிரிக்க வைத்தேன், உன் மாமாவைத் தவிர. ஆலோசகர் என்ற சொல்லுக்கு இந்த ஊரில் இன்றைக்கு இருக்கிற கெட்ட பெயரில் பாதி நான் வாங்கிக் கொடுத்தது. அவர்களுக்கு அது தகும். அதில் ஒரு சொல்லையும் நான் திருப்பி எடுக்கமாட்டேன். ஆனால் எவ்வளவுக்கு எவ்வளவு சத்தமாகத் திட்டினேனோ, அவ்வளவுக்கு அவ்வளவு என் கயிறும் முளையும் மறைந்து நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மாரிக்குப் பிறகு உன் மாமா பள்ளவெளியில் விதைப்பதை விட்டுவிட்டான். நல்ல வயல் அது. எங்கள் அப்பு அவனுக்குப் பிரித்துக் கொடுத்த வயல்களில் அதுதான் தலை.

உனக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது, முகத்தைத் திருப்பாதே. நீ உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது எங்கே? வீட்டில் சத்தம், மரத்தடியில் எறும்பு என்று சொல்லி, பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு நீ போன இடம் அந்த மதகு. கொங்கிறீற் குளிர்ச்சி, இரண்டு பக்கமும் காற்று. ரயில் போகும்போது மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு இருப்பாய். நான் போத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்து தந்திருக்கிறேன். மார்கழி மழையில், வெளியெல்லாம் வெள்ளம் நிற்க, நீ அதற்குள் கால் நீட்டிப் படுத்திருந்து கணக்குச் செய்தாய். தண்ணீர் ஓடுவதற்காகக் கட்டிய ஒன்றுக்குள், மாரியில், பாய் நனையாமல்! ஒருநாளாவது ‘இது ஏன் காய்ந்து கிடக்கிறது’ என்று கேட்டாயா? கணிதத்தில் ஊரே மெச்சத் தேறினாய். மதகுக்குள் படித்து என்ஜினியர் ஆனவன் இந்த நாட்டில் நீ ஒருவன்தான் இருப்பாய். அதில் தண்ணீர் ஓடியிருந்தால் நீ இன்றைக்கு நிச்சயமாக ரயில்தான் ஓட்டிக்கொண்டிருப்பாய். இப்போது அதே மதகுக்குள் நீலக் கோடு கீறி எனக்கே அனுப்புகிறாய். நீ வேலை செய்கிற கந்தோரில் எல்லோரும் இப்படித்தானா, அல்லது உன்னை மட்டும் தேடிப் பிடித்தார்களா?

நீ ஃபோனை வைத்த மறுநாள் நான் மாமாவிடம் போனேன். காலையிலேயே போனேன், பிந்தினால் தைரியம் போய்விடும் என்று. அவன் முற்றத்தில் மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தான். ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்: மாடு, முளை, செத்தவீடு, குடை, நான் வாயைப் பொத்தியது. அவன் தலை நிமிரவில்லை. ஒரு நட்டைத் துடைத்துத் துடைத்து, அது வெள்ளி மாதிரி வந்துவிட்டது.

“அக்கா, அந்தச் செவலை இப்ப எங்க?” என்று கேட்டான்.

“அது செத்து எவ்வளவு காலமடா.”

“அப்ப நான் ஆரைப் பிடிச்சு அடிக்கிறது?”

நான் சிரிக்கப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. நட்டைக் கீழே வைத்துவிட்டு, “நீங்க சொல்லியிருந்தாலும் அவை கேட்டிருக்க மாட்டினம்” என்றான்.

“கேட்டிருக்க மாட்டினம்தான். ஆனால் நான் சொல்லேல்லையேடா.”

“ஓம். சொல்லேல்லை” என்றான். மாமி உள்ளே இருந்து தேத்தண்ணி கொண்டுவந்தாள். எனக்கு மட்டும் வைக்காமல் போவாளோ என்று பார்த்தேன், வைத்தாள், சீனி இல்லாமல். நான் எழும்பும்போது மாமா கேட்டான்: “அணையை உயத்தினால் தண்ணி எவ்வடம் வரைக்கும் நிக்கும்?” நான் அவன் வீட்டு வாசல்படியைப் பார்த்தேன். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். “மருமகனிட்டக் கேளுங்கோ” என்றான். அதற்குத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் என்றால் நீ வைத்துவிடுவாய். கடிதத்தை வைத்தாலும் அது மேசையில் கிடக்கும்.

ஆகவே கேள். கையெழுத்து வைக்க முன்னம் வா. இப்போதே வா, மழை நிற்க முன்னம். இதென்ன, ஆவணியில் கேக் சாப்பிட வருகிற வேலையா? சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, மாமாவின் பள்ளவெளியில் இறங்கி நில். தண்ணீர் உன் காலில் எந்தப் பக்கத்தால் இடித்து எந்தப் பக்கத்தால் போகப் பார்க்கிறது என்று உன் கால் சொல்லும். அதற்கு மொடலும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். பிறகு போய் உன் கந்தோர்ப் பெரியவரிடம் சொல். எப்படித் தெரியும் என்று கேட்பார். எங்கள் வீட்டு மாடு முளையைப் பிடுங்கியது, என் தாய் பஞ்சியில் புளியடியில் நட்டாள், உங்களைப்போல ஒருவர் திரும்பிப் பார்க்காமல் படத்தை மாற்றினார் என்று சொல். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், உனக்கு என்ன குறைந்துவிடும்? வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை, மேலே இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நீ யோசிப்பாய். எனக்குத் தெரியும், நீ கதிரையில் இருக்கும்போதே கதிரைக்கு நோகுமோ என்று யோசிக்கிறவன். வேலை போனால் வா, உன்னை ரயில் ஓட்டுகிறவன் என்று நம்புகிற ஊர் ஒன்று இங்கே இருக்கிறது.

இன்னொன்று. இனி நீ எந்த ஊருக்குப் போனாலும், கையில் கயிறோடு ஒருத்தி ஓடிவந்து வாயைத் திறந்தால், குடையை மடக்கிவிட்டுக் கேள். அவள் அரைவாசி விசர்க்கதை கதைப்பாள். நான்கூட அப்படித்தான் கதைப்பேன், மாட்டைப் பற்றித் தொடங்கிச் செத்தவீட்டைப் பற்றிச் சொல்லி முடிப்பேன். நடுவில் எங்கேயோ முளை இருக்கும். அது வரும் வரைக்கும் நில். உங்களை எல்லாம் மடையர் என்று நான் சொல்வது படிப்புக் குறைவு என்றல்ல. படிப்பு உங்களுக்கு நிறையத்தான் இருக்கிறது, அது நிலத்தை மறைக்கிறது. அவர் என்னை ஒரு சொல்லால் விலக்கினார், நான் ஒரு சொல்லை விழுங்கினேன். அவருக்கு ஒரு சேதமும் இல்லை, எங்கேயோ இன்னொரு பாதைக்குப் படம் கீறிக்கொண்டிருப்பார். எனக்கும் பெரிய சேதமில்லை. என் தம்பிக்குத்தான் வயல் போனது. போன கிழமை நீ அதே சொல்லை என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை, மகனே. பயம்தான் வந்தது. இந்தமுறை நான் விழுங்கமாட்டேன். நீ விலகச் சொன்னாலும் விலகமாட்டேன்.

நீ வந்து தேடிக் கஷ்டப்படக் கூடாது என்று முந்தநாள் நானே ஒரு ஏற்பாடு செய்தேன். நல்ல பாலைக் கட்டை ஒன்றைச் சீவி, வாசல் படலைக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பூச்சைத் தலையில் பூசி, மாமாவும் நானுமாகப் பள்ளவெளியில், அந்தப் பழைய முளை முதலில் நின்ற அதே இடத்தில் அடித்துவிட்டு வந்தோம். மாமா பிடித்தான், நான் அடித்தேன்.

நேற்று நான் மருந்தெடுக்க ஆசுபத்திரிக்குப் போயிருந்த நேரம், விசயம் தெரியாத உன் அப்பா பள்ளவெளிப் பக்கம் வயல் பார்க்கப் போயிருக்கிறார். முளை சேற்றில் சரிந்து கிடந்ததாம். நல்ல கட்டை வீணாகப் போகிறதே என்று தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் வளவில் கோழிக்கூட்டுக்குப் பின்னால் அடித்து, கன்றைக் கட்டியிருக்கிறார். பிறகு உங்கள் கந்தோரின் தொப்பி போட்ட இரண்டு பேர் வெள்ளை வாகனத்தில் வந்திருக்கிறார்கள். கோழிக்கூட்டடியில் முளையைக் கண்டு, மூன்று பக்கமும் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். அதில் இலக்கம் இல்லாததால் தாங்களே ஒன்றை எழுதியிருக்கிறார்கள். அப்பா கன்றைக் கொஞ்சம் அந்தப் பக்கம் பிடித்துக் கொடுத்தாராம். பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனார்களாம்.

அம்மா